கேள்வித்தாளைக் கசியவிட்டவன்

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். கடிதம் என்றால் எல்லோரும் எழுதுகிற வரிதான் இது. ஆனால் இந்த முறை டாக்டர் சொன்ன பிறகு எழுதுகிறேன், அதனால் நம்பலாம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியம்தானே?

போன் இருக்கும்போது இவர் ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனில் எனக்குப் பொய் சரளமாக வருகிறது. மாதக் கணக்கில் சொல்லிப் பழகிவிட்டது. எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை நம்பித்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி. நடுவில் பதறாதே, முடிவு நல்லதுதான்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. மூன்று மாதத்துக்கு முன் நீ போனில், "அம்மா ஏன்ப்பா என்கிட்ட பேசவே மாட்டேங்கறா? நான் இவ்ளோ தூரம் வந்ததுல கோபமா?" என்று கேட்டாய். நான், "கொஞ்சம் வருத்தம்தான், போகப் போகச் சரியாயிடும்" என்றேன். அது முழுப் பொய். அதற்குப் பிறகு நீ கூப்பிடுவதை நிறுத்திவிட்டாய். நியாயம்தான். உன் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அம்மாவுக்கு மறதி வந்திருந்தது. கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடும் மறதி இல்லை, அது எனக்கும் உண்டு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவாள். ஒருநாள் கையில் சாவியோடு நம் வாசலில் நின்று, இது யார் வீட்டுச் சாவி என்று என்னைக் கேட்டாள். இன்னொரு நாள் உன் சித்திக்குப் போன் போடச் சொன்னாள். சித்தி போய் நாலு வருஷம் ஆகிறது. நான் லைன் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உன் பெரியப்பாவின் கடைசி இரண்டு வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். என் அண்ணன் என்னைப் பார்த்து, "தம்பி, எங்க வீட்டுக்காரங்க வந்தா சொல்லுங்க" என்று மரியாதையாகப் பேசியதை நீயும் கேட்டிருக்கிறாய். அந்த வழியில்தான் அம்மாவும் போகிறாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. போனால் அவர் ஆமாம் என்று சொல்லிவிடுவாரே! சொல்லாத வரைக்கும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

நீ கூப்பிடும்போதெல்லாம் நான் ஓடிப் போய் எடுத்ததும் அதனால்தான். அம்மா குளிக்கிறாள், தூங்குகிறாள், மாடி வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒரே வாரத்தில் அம்மா நாலு தடவை குளித்தாள் என்று நான் சொன்னதைக்கூட நீ கேள்வி கேட்கவில்லை.

இனி இன்ஷூரன்ஸ் கதைக்கு வருகிறேன். எங்கள் மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு முறை வீட்டுக்கே நர்ஸை அனுப்பிச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு உண்டாம். தனிக் கட்டணம் கிடையாது, விருப்பம் இருந்தால் போதும் என்று இரண்டு கடிதம் வந்தது. இரண்டையும் கிழித்துப் போட்டேன். இலவசமாக வருகிறவனுக்கு இலவசமாகவே ஏதாவது எழுதிக்கொண்டு போகவும் தெரியும் என்பது என் கட்சி. மூன்றாவது முறை போன் வந்தபோது நான் கடைக்குப் போயிருந்தேன். அம்மா எடுத்து, "தாராளமா வாங்க, வியாழக்கிழமை பத்து மணிக்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்னதை என்னிடம் சொல்ல மறந்துவிட்டாள். உறுதி செய்ய அவர்கள் மறுபடி கூப்பிட்டபோதுதான் எனக்கே தெரியும். வியாழக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

மாடி வீட்டுத் தையற்காரருக்கு அந்தச் சோதனை அப்போதுதான் முடிந்திருந்தது. என்னவெல்லாம் கேட்பார்கள் என்று சும்மா பேச்சுவாக்கில் விசாரிப்பது போல விசாரித்தேன். எடை, ரத்த அழுத்தம், கால் விரல், அப்புறம் ஞாபக சக்திக்கு ஒரு சோதனை. மூன்று வார்த்தை சொல்வார்களாம், ஒரு கடிகாரம் வரையச் சொல்வார்களாம், பிறகு அந்த மூன்று வார்த்தையைத் திருப்பிக் கேட்பார்களாம். அவருக்கு வந்தவை குடை, ஆரஞ்சு, நாற்காலி.

முப்பத்தொரு வருஷம் பரீட்சை ஹாலில் நடந்தவன் உன் அப்பா. எத்தனை பையன்களின் முழுக்கைச் சட்டைக்குள்ளிருந்து பிட்டு உருவியிருப்பேன்! அப்படிப்பட்டவன் அன்று மாலையே கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். விளையாட்டு என்று சொல்லி அம்மாவுக்குக் குடை, ஆரஞ்சு, நாற்காலி சொல்லிக்கொடுத்தேன். மூன்று நாள் காலையும் மாலையும் கேட்டேன். அதற்கு மேல் கேட்டால் சந்தேகப்படுவாள் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு அந்த நர்ஸ் வந்தார். உன் வயதுதான் இருக்கும். தோளில் ஒரு பை, கையில் மடக்குகிற எடை மெஷின். செருப்பைக் கழற்றும்போதே குளியலறை வாசலில் கிடந்த மிதியடியைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது வழுக்கும், எடுத்துடுங்க" என்றார். எனக்கு அப்போதே இது எதையும் விடாத கண் என்று தெரிந்துவிட்டது.

கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மாவுக்கு முன்னால் நானே பதில் சொன்னேன். இரண்டு முறை பொறுத்துக்கொண்டார். மூன்றாவது முறை, "ஐயா, உங்க முறை அடுத்தது வருது, இப்ப அம்மா சொல்லட்டும்" என்று சிரித்துக்கொண்டே வாயை அடைத்துவிட்டார். மூன்று வார்த்தையும் வந்தது. ரயில், தேன், கதவு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தையற்காரருக்கு ஒரு செட், நமக்கு வேறு செட்! இத்தனை வருஷம் ஏ தாள், பி தாள் கொடுத்தவனுக்கு இது தோன்றவே இல்லை பார்.

அம்மா கடிகாரம் வரைந்தாள். எண்களைச் சரியாகப் போட்டாள், முள் போடத்தான் கொஞ்சம் திணறினாள். பிறகு நர்ஸ், நான் சொன்ன மூன்று வார்த்தை என்னம்மா என்று கேட்டார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவரிடம் திரும்பி, "எந்த மூணும்மா? நீங்க சொன்னதா, இவர் முன்னாடியே சொல்லிக்குடுத்ததா?" என்று கேட்டாள்.

திருடனுக்குத் தேள் கொட்டினது போல உட்கார்ந்திருந்தேன். அம்மா குடை, ஆரஞ்சு, நாற்காலி என்று முதலில் என்னுடையதை ஒப்பித்தாள். பிறகு ரயில், தேன் என்றாள். கதவு வரவில்லை. நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னவோ தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது. வெளி மனுஷர் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

எட்டு மாதத்து மறதிக் கதையையும் கொட்டிவிட்டேன், உன்னிடம் சொன்ன பொய்யைத் தவிர. அம்மாவும் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். ஆறு நாளைக்கு முன் நிறுத்திய பாடத்தை அம்மா இன்று சொல்கிறார்களே, இதைக் குறித்துக்கொள்கிறேன் என்றார். மறதி எந்த மாதம் ஆரம்பித்தது, அப்போது வீட்டில் புதிதாக என்ன மாறியது என்றார். ஒன்றும் மாறவில்லை என்றேன். மாத்திரைகளைக் காட்டச் சொன்னார். கிழமை வாரியாக நான் பிரித்து வைத்திருக்கும் டப்பாவைப் பெருமையாக நீட்டினேன். டாக்டர் சீட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா? கடையில நீங்களா வாங்கிச் சாப்பிடறது எதுவும் இல்லியா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். சீப்பு வைக்கிற இழுப்பறையிலிருந்து ஒரு அட்டை மாத்திரையைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். அரிப்பு மாத்திரை. மறதி ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், காலில் தடிப்புத் தடிப்பாக வந்தபோது மருந்துக் கடைக்காரர் கொடுத்தது. ராத்திரி ஒன்று, அரிப்பு அதிகமானால் இரண்டு. தடிப்பு போன பிறகும், நல்லா தூக்கம் வருது என்று அவள் விடவில்லை. வாங்கிக் கொடுத்தது யார் என்கிறாய்? நான்தான். மாலை நடைக்குப் போகும்போது அட்டை அட்டையாக நானே வாங்கி வந்தேன். டாக்டர் எழுதாதது மருந்துக் கணக்கிலேயே வராது என்று என் மண்டையில் ஒரு நினைப்பு, அதனால் டப்பாவிலும் வைக்கவில்லை, கேட்டபோதும் சொல்லவில்லை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, மகளே.

நர்ஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இந்த வகை மாத்திரை வயதானவர்களுக்கு ஞாபகத்தைக் குழப்பக்கூடும், ஆனால் காரணம் இதுதான் என்று நான் சொல்லக்கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார். எங்கள் டாக்டருக்கு அங்கிருந்தே போன் செய்தார். நான் மெல்ல, இதை எழுதினால் காப்பீட்டை ரத்து செய்வார்களா என்று கேட்டேன். அதற்காக இல்லை ஐயா, உங்கள் டாக்டருக்கும் ஒரு பிரதி போகும், அவர் பார்க்கத்தான் இது என்றார். போவதற்கு முன் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். எகிறியிருந்தது. பிட்டு பிடிபட்டால் யாருக்கும் ஏறும் என்றேன். ஆனாலும் டாக்டர் பிறகு எனக்கும் தினம் ஒரு மாத்திரை எழுதிவிட்டார்.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. டாக்டர் அரிப்பு மாத்திரையை நிறுத்தி, பூசுவதற்குக் களிம்பு கொடுத்தார், ரத்தமும் எடுத்துப் பார்த்தார். முதல் வாரம் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை, எனக்கும் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு காலையில், மின்சார ரசீதை நான் எங்கே வைத்தேன் என்பதை அவள் எனக்குச் சொன்னாள். அதிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். இந்தப் புதன்கிழமை டாக்டர் மறுபடி முழுச் சோதனை வைத்தார். பெரியப்பாவுக்கு வந்தது இது இல்லை என்றார். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பார்ப்போம், இப்போதைக்கு நிம்மதியாக இருங்கள் என்றார். என் வயிற்றில் பாலை வார்த்தார். அவர் வாயால் கேட்காமல் உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, அவ ஏன் போனே பண்றதில்ல என்பதுதான். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இந்தக் கடிதம் அவள் கொடுத்த தண்டனை. நீயும் உன் பங்குக்கு என்ன வேண்டுமானாலும் கொடு, ஏற்றுக்கொள்கிறேன். உன்னை அழவிட்டதுதான் எனக்கு ஆறவில்லை. மன்னித்துவிடு. மீதி இடத்தை அவள் கேட்கிறாள்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

கண்ணு,

அம்மா எழுதுகிறேன். நாலு பக்கத்தை அவர் எடுத்துக்கொண்டு எனக்கு நாலு விரல் இடம் விட்டிருக்கிறார். எல்லாம் படித்தேன். கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. ஆனால் ஒன்று அவருக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை.

போன் அடித்தால் அவர் எதற்கு ஓடுகிறார் என்று எனக்குத் தெரியும். கூப்பிடுவது நீதான் என்றும் தெரியும். மூளை கலங்கிக் கிடந்தாலும் அது தெரிந்தது. எழுந்து போய்ப் பிடுங்கியிருக்கலாம். நான் ஏதாவது உளறி, நீ கண்டுபிடித்து, அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாயே என்று குளிக்காமலே குளியலறைக்குள் போய் நின்றுகொண்டிருந்தேன். அதனால் அப்பாவை மட்டும் திட்டாதே. பாதித் திட்டு எனக்கு.

ஆறு மாதம் கழித்து என்ன சொல்வார்களோ, அது அப்போது. இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் சொன்னதையே திரும்பச் சொன்னால், "அம்மா, இதை இப்பதான் சொன்னே" என்று என் முகத்துக்கு நேரே சொல்லு. எனக்கு வலிக்காது. இவரைப் போலத் தலையாட்டிவிட்டுப் போய் மாடிப்படியில் உட்காராதே. யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தார்களே, அதுதான் எனக்கு வலித்தது.

நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும். கூப்பிடு கண்ணு. நான்தான் எடுப்பேன்.

அம்மா