தலை நீட்டும் ஸ்க்ரூக்கள்

நாள் 412. காலை 07:10

காற்றழுத்தம் சரி. ஆக்ஸிஜன் சரி. உள்ளே 22 டிகிரி, வெளியே மைனஸ் 61. தண்ணீர்த் தொட்டி முக்கால். தொட்டியில் வளரும் கீரை வழக்கம்போல என்னை முறைக்கிறது.

சாப்பாட்டு அறை சீலிங்கில் ஒரு ஸ்க்ரூ தலை நீட்டியிருக்கிறது. அதை மறைக்கப் பூசியிருந்த பட்டி மாவு பொட்டு அளவுக்கு உதிர்ந்து உப்புமாவில் விழுந்ததால்தான் கண்டுபிடித்தேன். உப்புமாவின் ருசி கெடவில்லை. கெடுவதற்கு அதில் இடம் இல்லை.

இந்தக் குறிப்பைக் கண்டெடுக்கப்போகும் புண்ணியவானே, அறிமுகம் செய்துகொள்கிறேன். பெயர் குற்றாலிங்கம். வயது 53. ஊர் தென்காசி. முப்பது வருஷம் வீடு வீடாக ஜிப்சம் போர்டு அடித்தவன். செவ்வாயின் வடசமவெளியில் பன்னிரண்டு பேருக்கான வீட்டை இயந்திரங்கள் எழுப்பிவிட்டன. உள்ளே போர்டு அடித்து மனிதன் வாழ்கிற இடமாக்க ஒருவன் தேவைப்பட்டான். நான் வந்தேன். பராமரிப்பாளன், காவலாளி, ஒரே குடித்தனக்காரன், எல்லாம் நானே. மீதிப் பதினோரு பேர் நாள் 431இல் இறங்குகிறார்கள்.

ஸ்க்ரூவைத் திருப்பி உள்ளே அனுப்பினேன். பட்டி பார்த்தேன். பத்து நிமிட வேலை.

நாள் 414. காலை 08:30

அதே ஸ்க்ரூ. உடன்பிறந்தார் மூவரோடு வந்திருக்கிறது.

தப்பு என்னுடையது. துருத்திய ஸ்க்ரூவை அதே ஓட்டையில் திரும்ப முறுக்கினால் நிற்காது. இதைச் சொல்லிச் சொல்லியே முப்பது வருஷம் ஆட்களைத் திட்டியிருக்கிறேன். போர்டைக் கையால் சட்டத்தோடு அழுத்திப் பிடித்து, இரண்டு விரற்கடை தள்ளிப் புது ஸ்க்ரூ போட வேண்டும். பிறகு பழையதைக் கழற்ற வேண்டும். பிறகு மூன்று கை பட்டி. ஒவ்வொரு கையும் காய்ந்த பிறகு உப்புத்தாள் தேய்ப்பு. இங்கே திட்டுவதற்கு ஆள் இல்லாததால் எனக்கே சோம்பல் வந்துவிட்டது.

நாலுக்கும் முறைப்படி செய்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

நாள் 417. மாலை 16:00

ஒன்பது.

சீலிங்கில் உப்புத்தாள் தேய்த்தால் தூசி முகத்தில் விழும். அது தென்காசியில். இங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் தூசி யோசிக்கிறது. நான் ஏணியிலிருந்து இறங்கி, குளித்து, தேநீர் கலந்து உட்கார்ந்த பிறகு சாவகாசமாக வந்து தேநீரில் இறங்குகிறது.

தரைநிலையத்துக்கு எழுதினேன். பதில் வர முப்பத்தைந்து நிமிடம். அங்கே தரம் பார்க்கும் அதிகாரி கோமதிநாயகம் சங்கரன்கோவில்காரர். என் பேச்சு அவருக்குப் புரியும் என்பது வசதி. அவர் பேச்சு எனக்கும் புரியும் என்பதுதான் கஷ்டம்.

தரைநிலையம்: “ஓய் குத்தாலம், ஒம்ம சீலிங்கப் பத்தி ஊருக்கே தெரிஞ்சு போச்சுவே. 423ஆம் நாள் போட்டோ அனுப்பணும். ஒரு ஸ்க்ரூ தலை தெரிஞ்சாலும் கப்பல இறங்க விடமாட்டேன், அப்படியே வளைஞ்சு பூமிக்குத் திரும்பிருவாவ. அடுத்த கப்பல் இருவத்தாறு மாசம் கழிச்சுதான். எனக்கு ரூல்ஸ்தாம் முக்கியம், ஒம்ம மூஞ்சி இல்ல.”

இருபத்தாறு மாதம்.

எனக்குப் பசி தாங்கும், குளிர் தாங்கும். வம்பு பேசாமல் இருக்க முடியாது. நானூற்றுப் பதினேழு நாளாக ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீரையிடம் கோமதிநாயகத்தைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். சுவாரசியம் காட்டவில்லை.

நாள் 420. காலை 09:15

இருபத்தி இரண்டு. சீலிங் அல்ல இது, பலாப்பழம்.

ட்ரில்லைத் திட்டினேன். ஸ்க்ரூ செய்தவனைத் திட்டினேன். போர்டு அடித்தவனைத் திட்டினேன்; அது நான் என்பது பாதியில் நினைவுக்கு வந்தது. போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. புது வீட்டில் இதெல்லாம் சகஜம். வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி இந்த வாக்கியம் எனக்குச் சரளமாக வருகிறது.

நாள் 423. பகல் 13:40

விடிந்ததிலிருந்து ஏணிதான் என் வீடு. முப்பத்தியொரு ஸ்க்ரூ. மூன்று கை பட்டி பார்க்க நேரமில்லை. ஒரே கை, கனமாக. காய்வதற்கு முன்பே வெள்ளை அடித்தேன். என்னிடம் வேலை பார்த்தவன் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஈரம் மினுக்குவது தெரியாமலிருக்க விளக்கைக் கொஞ்சம் தணித்துப் போட்டோ எடுத்தேன்.

தரைநிலையம்: “அடேயப்பா! கல்யாண மண்டபம் மாதிரில்லா இருக்கு. சரி, பாஸ். கப்பலுக்குச் சொல்லிட்டேன். நீரும் ஒரு வேலைக்காரன்தாம்வே, நான் ஒத்துக்கிடுதேன்.”

கப்பலிலிருந்து தலைவி ஷமீமா, காயல்பட்டினத்துப் பெண், தானே பேசினாள்.

கப்பல்: “அண்ணாச்சி, எட்டே நாளு! எங்க டாக்டரும் சமையல்காரரும் மூணு மாசமாப் பேசிக்கிறதில்ல. ஏன்னு உங்ககிட்ட நேர்ல சொல்றேன். இதுல சொன்னா கோமதிநாயகம் சார் கேட்டுருவாரு.”

வாய் ஊறியது. சத்தியமாக ஊறியது.

நாள் 424. காலை 07:50

வெள்ளை முழுவதும் விரிசல் விட்டுவிட்டது. முப்பத்தெட்டு தலைகள். பட்டி மூட்டை காலி. அடியில் சுரண்டினால் ஒரு கரண்டி தேறும்.

மூட வழியில்லை என்பதால், குறைந்தது எண்ணிவைப்போம் என்று ஒவ்வொன்றைச் சுற்றியும் பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதினேன். கழுத்து வலி தாங்காமல் தரையில் மல்லாந்து படுத்தேன். அப்போதுதான் சீலிங்கை முழுதாகப் பார்த்தேன். பன்னிரண்டு நாளாக ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

வட்டங்கள் சிதறிக் கிடக்கவில்லை. வடக்குச் சுவர் மூலையில் தொடங்கி, சாப்பாட்டு அறையைக் குறுக்கே கடந்து, படுக்கை அறைவரை ஒரே கோடு. கோலத்துக்குப் புள்ளி வைத்தது மாதிரி.

சிதறியிருந்தால் வேலையாள் தப்பு. கோடாக இருந்தால் வீடு அசைகிறது. இது எனக்குத் தெரியாதது அல்ல. தெரிந்துகொள்ள விரும்பாதது.

மாலை 15:20

தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்துத் தரை மட்டம் பார்த்தேன். வீட்டைத் தாங்கும் இரும்பு வளைவுகளில் வடக்கு மூலை வளைவின் கால் நாலு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. அந்த வளைவுக்கு மேல், கதிர்வீச்சைத் தடுக்கக் கொட்டிய மூன்று மீட்டர் மண் கிடக்கிறது.

நாள் 425. காலை 10:00

காரணத்தை எழுதிவிடுகிறேன். எழுதக் கை வரவில்லை, இருந்தாலும்.

இந்த வீட்டுக்கு அடியில் மண்ணோடு மண்ணாகப் பனி இருக்கிறது. அது உறைந்திருக்கும்வரை கல் மாதிரி. அதனால் தரைக்கடியில் குளிர்க்குழாய்கள். அவை முதலில் இருநூறு நாள் ஓட வேண்டும், பிறகுதான் வீட்டுக்குள் சூடு போட வேண்டும். வரைபடத்தில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது.

96ஆம் நாள் திட்டத் தலைவரிடமிருந்து உத்தரவு வந்தது. தை முடிவதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும். சோதிடர் நாள் குறித்துவிட்டார். அந்த மனிதருக்கும் கஷ்டம்தான். செவ்வாயிலேயே கட்டிய வீட்டுக்குச் செவ்வாய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? யோசித்துவிட்டுப் பேசாமல் சென்னைப் பஞ்சாங்கத்தையே வைத்துக்கொண்டாராம்.

பால்பவுடரைக் கரைத்துப் பொங்க வைத்தேன். அதற்கு வீட்டில் சூடு போட்டேன். பால் பொங்கிய பிறகு அணைத்திருக்கலாம். பால் காய்ச்சிய வீட்டை இருட்டாக்கிப் பூட்டக் கூடாது என்றார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. உள்ளே கதகதப்பாகவும் இருந்தது. சிவப்பு எழுத்தைப் படித்தவன் நான் ஒருவன்தான். வாயைத் திறக்கவில்லை. வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே சந்தர்ப்பம் அது.

தரைநிலையத்துக்குச் செய்தி எழுதினேன். அனுப்பவில்லை.

நாள் 426. காலை 09:00

அனுப்பவில்லை. நாற்பத்தி நாலு வட்டம்.

நாள் 427. காலை 09:00

அனுப்பவில்லை. கணக்குப் போட்டேன். நான் ஒருவன் இருந்தால் வீடு இன்னும் சில மாதம் நிற்கும். பன்னிரண்டு உடம்பின் சூடு, பன்னிரண்டு பேருக்குச் சமையல், குளியல் வெந்நீர் என்றால் ஆறு வாரம். இறங்கிவிட்டால் அவர்களால் திரும்ப எழும்ப முடியாது. அதற்கான எரிபொருளை இங்கே தயாரிக்கவே ஒரு வருஷம் ஆகும்.

கணக்கு தப்பாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு வராது. இரண்டாம் முறை போட்டேன். ஐந்து வாரம் வந்தது.

கப்பல்: “அண்ணாச்சி, ஏன் சத்தமே இல்ல? உடம்பு சரியில்லையா? சமையல்காரர் உங்களுக்காகத் தனியா அல்வா கிண்டி வச்சிருக்காரு. டாக்டருக்குக் கிடையாதாம்!”

மிச்சமிருந்த அந்த ஒரு கரண்டி பட்டியைச் சுரண்டிக் கையில் வைத்துக்கொண்டு ஏணியடியில் நின்றேன். இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. கண்டெடுப்பவர் என்னை எப்படியும் தப்பாகத்தான் நினைக்கப்போகிறார். சரியான காரணத்துக்காக நினைக்கட்டும்.

நாள் 428. காலை 06:30

வட்டங்களோடு போட்டோ எடுத்தேன். எல்லா விளக்கையும் போட்டு. 423ஆம் நாள் போட்டோ பித்தலாட்டம், வீட்டின் கால் இறங்குகிறது, கப்பலை இறக்க வேண்டாம், சூட்டை நிறுத்தப்போகிறேன் என்று கீழே எழுதினேன். அனுப்பினேன்.

07:06. தரைநிலையம்: “அடப்பாவி மனுஷா! பதினோரு உயிருவே! ஒம்ம நம்பில்லா கையெழுத்துப் போட்டேன்.”

07:09. தரைநிலையம்: “குத்தாலம்… சூட்ட நிறுத்திட்டு நீரு எங்கவே இருப்பீரு?”

இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு மூன்று நிமிடம்தான் ஆனது. ரூல்ஸ் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர் என்று கீரையிடம் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

நாள் 431. காலை 11:12

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பகல் என்பதால் ஒன்றும் தெரியவில்லை. தலைக்கு மேலேதான் போனார்கள்.

கப்பல்: “அண்ணாச்சி, உங்களைத் தூக்கிக்கிட்டுப் போக வழி இருக்கான்னு மூணு நாளா எல்லாருமா உக்காந்து பாத்தோம். இல்ல. டாக்டரும் சமையல்காரரும்கூடச் சேர்ந்து உக்காந்தாங்க. ஏன் சண்டைன்னு சொல்லிடறேன், கேட்டுக்கோங்க. டாக்டரு அவரு சாம்பார்ல…”

மீதி இரைச்சல். சிக்னல் போய்விட்டது. சாம்பாரில் என்ன? பூமியிலிருந்து யாராவது சொல்வார்கள் என்று கோமதிநாயகத்துக்கு எழுதினேன். விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

12:00. வீட்டுச் சூட்டை அணைத்தேன். குளிர்க்குழாய்கள் முழு வேகத்தில். தரை மறுபடி உறைந்தால் கால் நிற்கும். வீடு நின்றால் அடுத்த கப்பலுக்கு ஒரு கூரை இருக்கும். நான் வெளியே நிற்கும் வண்டிக்குள் குடிபோகிறேன். உட்காரலாம், படுக்க முடியாது. கீரையைக் கூட்டிவந்தேன். அது இன்னும் முறைக்கிறது, இந்த முறை நியாயம் இருக்கிறது.

நாள் 437. காலை 08:00

தினமும் காலையில் கவச உடையோடு உள்ளே போய் ஏணியேறி எண்ணுகிறேன். உள்ளே மைனஸ் 12. மொத்தம் 61 வட்டம். இன்று புதிதாக: 3.

நாள் 444. காலை 08:00

மைனஸ் 29. புதிதாக: 1. கீரை போய்விட்டது.

நாள் 452. காலை 08:00

புதிதாக: 0. ஏணியிலேயே உட்கார்ந்து கொஞ்சம் சிரித்தேன். கண்ணாடி மூடிக்குள் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை.

நாள் 453. 0.

நாள் 460. 0. மின்சாரத்தைக் குளிர்க்குழாய்களே குடித்துவிடுவதால் வண்டி ஹீட்டர் ஒன்றுவிட்டு ஒரு மணிநேரம்தான் ஓடுகிறது. கையுறையோடு எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

நாள் 466

நேரம் பார்க்கவில்லை. பென்சில் இரண்டு முறை விழுந்தது. ஏணி ஏற இனி ஆகாது என்று நினைக்கிறேன். அதனால் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். இதை முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். வம்பை முதலில் சொல்லி விஷயத்தைக் கடைசியில் வைக்கிற புத்தி. போகாது.

வீட்டுக்குள் வந்ததும் மேலே பாருங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் சுற்றி வட்டமும் தேதியும் இருக்கும். மொத்தம் 65. யாரும் அதன்மேல் பட்டி பூச வேண்டாம், அசிங்கமாக இருந்தாலும். எண்ணுங்கள். 65தான் என்றால் வீடு நின்றுவிட்டது. மெதுவாகச் சூடு போடுங்கள். தாராளமாகக் குடியிருங்கள்.

வட்டம் இல்லாத ஸ்க்ரூ ஒன்று தலை நீட்டியிருந்தால் அது எனக்குப் பிந்தியது. கீழே இன்னும் இறங்குகிறது என்று அர்த்தம். அப்படி ஒன்று தெரிந்தால் இதைப் படித்துக்கொண்டு நிற்காதீர்கள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு உடனே வெளி