போன வருசப் பிளேட்டு

1978 ஜனவரி 10, செவ்வாய். சித்திரபுரம்.

இன்று அண்ணனிடம் சொல்லாதது: என்னை மெட்ராஸுக்கு அனுப்ப அப்பா சம்மதித்திருந்தார்.

காலையில் உறைபனி. முட்டைகோஸ் இலையெல்லாம் வெள்ளை. பகல் பஸ்ஸில் அண்ணன் வந்தான், கிதாரும் ஓர் அட்டைப் பெட்டியுமாக. பெட்டிக்குள் எங்கள் பாட்டின் இசைத்தட்டு. மார்கழியில் வெளியானதாம். குழாயில் மலையிறங்கும் தண்ணீர் வேறு ஊரில் விளக்காய் எரிவதைப் பற்றிய பாட்டு. வரிகள் என்னுடையவை, மெட்டு அவனுடையது. தட்டில் பாடியிருப்பது மெட்ராஸ்காரி ஒருத்தி.

"அப்பா விடமாட்டார்னு நானே ரெக்கார்டு கம்பெனில சொல்லிட்டேன்" என்றான்.

தீபாவளி கழிந்து அப்பாவிடம் கேட்டேன். சில நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு சரி என்றார். அண்ணனுக்கு எழுத உட்கார்ந்த அன்றே அவன் கடிதம்: பதிவு முடிந்தது.

அம்மா மாவு அரைக்கச் சொன்னாள். அரைத்தேன்.

ஜன. 12, வியாழன்.

வெயில். போர்வைகள் துவைத்தேன். வாசகசாலைப் புத்தகம் திருப்பித் தர வேண்டும். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

அந்தப் பாட்டு இதுவரை:

முதலில் இங்கே, போன வருடம், மின்வாரியக் கிளப் ஆண்டு விழா. பெண் மேடை ஏறக் கூடாது என்பதால் நான் திரைக்குப் பின்னால், தனி மைக். முன்னால் அண்ணனும் அவன் இசைக்குழுவும். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வந்தவர்கள் உள்ளே ரெக்கார்டு ஓடுவதாக நினைத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு அது நிம்மதி. யாரும் திருத்தவில்லை.

பிறகு கோவிந்தாபுரம், ஒரு கல்யாணம். மழை, கரண்ட் போய்விட்டது. பெண்கள் அறையிலிருந்து மைக் இல்லாமல் பாடினேன். அதுதான் நன்றாக வந்தது.

அப்புறம் கோயமுத்தூரில் கல்லூரி விழா. நான் இல்லை.

இப்போது தட்டு.

ஜன. 14, சனி. பொங்கல்.

பழனிசாமி வந்தார், குழுவில் டிரம்ஸ் அடிப்பவர். வடகரப்பதியில் விவசாயக் குடும்பம். இரண்டு கரும்பும் ஒரு பை நிலக்கடலையும் கொண்டுவந்தார். அண்ணன் குளிக்கப் போனபோது அடுப்படி வாசலில் நின்று சொன்னார்:

"பிளேட்டக் கேட்டீங்களா? உங்க மூச்சுக் கேட்டுத்தானுங்க நான் கைய வெப்பேன். இந்தம்மா எங்க மூச்சு உடுதுன்னே தெரியலீங்க. ரெண்டு எடம் தப்பு அடிச்சிருக்கறேன். யாருக்குத் தெரியப் போகுது."

இங்கே பிளேயர் இல்லை, நாளைக்குக் கிளப்பில்தான் கேட்க வேண்டும் என்றேன். பால் பொங்கிவிட்டது. அம்மா சந்தோஷப்பட்டாள்.

ஜன. 15, ஞாயிறு.

கிளப் ஆண்டு விழா. மஞ்சள் சேலை. பெண்கள் பெஞ்சில் அம்மா பக்கத்தில் நான்.

திரைக்குப் பின்னால் பிளேயர், அதன் முன் மைக். போன வருடம் நான் நின்ற இடம். அண்ணன் தட்டைப் போட்டான். நல்ல குரல். நிஜமாகவே நல்ல குரல். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பாதியிலேயே பின்னாலிருந்து ஒருவர், "இது அந்தப் பிளேட்டு இல்ல வே. போன வருசம் போட்டதப் போடுங்க" என்றார். இன்னும் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி, "அந்தப் பிள்ள நல்லா இழுத்துப் பாடுவா" என்றாள். என் முதுகுக்குப் பின்னாலிருந்தே.

பழனிசாமி என்னைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தான். நான் எழுந்திருப்பேன் என்று நினைத்தானோ என்னவோ. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். அப்பா முன்வரிசையில் திரும்பி உட்கார்ந்து என்னைத் தேடினார்.

அண்ணன் மைக்கைப் பிடித்தான். "அந்த ரெக்கார்டு உடைஞ்சிருச்சு" என்றான்.

கூட்டம் ஏற்றுக்கொண்டது. ஐயோ பாவம் என்றார்கள். பிறகு இங்கிலீஷ் பாட்டுகள். நன்றாகக் கை தட்டினார்கள்.

ஜன. 16, திங்கள்.

மேகமூட்டம். அண்ணனை ஏற்றிவிட நானும் அப்பாவும் போனோம். பழனிசாமி முதலிலேயே ஏறிவிட்டார். பஸ் கிளம்பும்போது அப்பா கேட்டார்:

"மெட்ராஸுக்கு அவள அனுப்புதேன்னு சொன்னேனே. நீ ஏம்ல கூட்டிட்டுப் போகல?"

அண்ணன் என்னைப் பார்த்தான். கண்டக்டர் விசில் அடித்தார். அவன் ஏறிக்கொண்டான்.