நாலு எலுமிச்சம்பழமும் ஒரு போட்டோகொப்பியும்

என்னங்க,

சோறும் போஞ்சிக் கறியும் அடுப்பு மேல இருக்கு, சுட வச்சு சாப்பிடுங்க. காரைக் காணோம்னு வாசல்ல நின்னு கத்த வேணாம். நான்தான் கொண்டு போறேன்.

நீங்க வேலைக்குப் போனதும் லீசிங் கம்பனியில இருந்து கோல் வந்துச்சு. ஒங்க உயிர்க் கூட்டாளி குணபாலன் அந்தக் காருக்கு ஏழு மாசமா லீசிங் தவணை கட்டலையாம். நாலு மணிக்கு வந்து காரைத் தூக்குவாங்களாம். நம்ம நம்பரைக் குடுத்ததும் அவன்தானாம்!

அவன்கிட்ட காரை வாங்கின அன்னைக்கு ஐயர்கிட்ட நல்ல நேரம் கேட்டீங்க. கோயில் வாசல்ல நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினீங்க. காரோட பதிவுப் புத்தகத்தை மட்டும் கேக்கல. "ஒரிஜினல் பேங்க் லொக்கர்ல இருக்கு"ன்னு அவன் சொன்னதும், போட்டோகொப்பிக்கே சந்தனம் குங்குமம் வச்சுட்டீங்க. நான் வாயைத் தொறந்ததுக்கு, "பொம்பளைக்கு வாகனத்தைப் பத்தி என்ன தெரியும்?"னீங்க. இந்த வீட்டுல லைசன்ஸ் இருக்கிறது அந்தப் பொம்பளைக்கு மட்டும்தான்.

யட்டவத்தைக்குப் போய் அவன் வீட்டு கேட்டை மறிச்சு காரை நிப்பாட்டப் போறேன். நம்ம காசை எண்ணி வைக்கிற வரைக்கும் அவன் வீட்டு சைக்கிள்கூட வெளிய வராது.

நந்தினி

சொல்ல மறந்துட்டேன். மிச்ச எலுமிச்சம்பழம் பிரிஜ்ல இருக்கு. ஒங்களுக்கு ஒரு கோப்பை கரைச்சுக்குங்க, சீனி போடாம.

லீசிங்காரங்க வந்தா அவங்களுக்கும் குடுங்க. நல்ல கதிரையா பார்த்து உக்கார வைங்க. காரோட சொந்தக்காரங்க அவங்கதானே.