பெட்டூனியாவுக்குப் பிடித்த துரு

அன்பு மகள் ஸிக்னிக்கு,

நானும் உன் அப்பாவும் இரண்டு காலிலும், மாடுகள் நான்கு காலிலும் நலமாகவே நிற்கிறோம். நீயும் அந்த நியூசிலாந்து வெயிலில் தலைக்குத் தொப்பி வைத்துக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே விஸ்கான்சினில் பனியை வாரித் தள்ளினால்தான் கொட்டகைக் கதவே திறக்கிறது. போன மாதம் சர்ச்சில் லூட்டஃபிஸ்க் மீன் விருந்து நடந்தது. அதில் உன் பெருமையை உன் அப்பா ஊருக்கே சொல்லிவிட்டார். எம் பொண்ணு இத்தனை வருஷம் படிச்சு, பசுவுக்குள்ள துருப்பிடிக்குதுன்னு கண்டுபிடிச்சிருக்கா, டிராக்டருக்குப் போடுற எண்ணெயையே மாட்டுக்கும் போட்டுடலாம்னு இருக்கேன் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே.

பெட்டூனியா விஷயத்துக்கு வருகிறேன். நீ பள்ளி நாளில் கண்காட்சிக்குக் கூட்டிப்போய்ப் பரிசு வாங்கினாயே, அந்தக் கன்றின் வழியில் இன்று மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான். போன ஈற்றில் நஞ்சுக்கொடி விழாமல் அவதிப்பட்டாள், அதற்குப் பிறகு எத்தனை தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. நவம்பர் கடைசியில் நன்றித் திருநாள் கழிந்து மாட்டு டாக்டர் வந்து பார்க்கும்போதும் சினை இல்லையென்றால் அடிமாட்டு லாரிதான் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். சும்மா தின்னுட்டுப் படுக்குறதுக்கு நான் என்ன ஓட்டலா நடத்துறேன் என்று கேள்வி வேறு. ஸ்பீக்கரில் போட்டு நாங்கள் இருவரும் கேட்கும்போது நீ போனில் சொன்னாய் அல்லவா, நம் மண்ணில் செலினியம் குறைவு, பரணில் கிடக்கும் பழைய புல்லில் வைட்டமின் ஈ போய்விட்டிருக்கும், இரண்டும் இல்லாவிட்டால் உடம்புக்குள் துருப்பிடிப்பதுபோல் ஆகிக் கருப்பையும் முட்டையும் கெடும், தாது உப்பு கொடுங்கள் என்று. மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டவருக்குப் புல்லைச் சொன்னதும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. எம் புல்லைக் குத்தம் சொல்லக் கடல் தாண்டிப் போய்ப் படிக்கணுமாக்கும் என்று அன்று முழுக்க முணுமுணுத்தார். சரி, இந்த மனிதரோடு பேசி ஆகாது என்று நானே தீவனக் கடையில் ஒரு மூட்டை தாது உப்பு வாங்கிவந்து, காலையில் அவர் காப்பி குடிக்கப் போகும் நேரம் பார்த்து அவள் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தேன்.

அடுத்த மூட்டைக்குப் போனபோது கடைக்கார டுவேன் கேட்கிறான், என்ன மார்லிஸ், காலையில உங்க வீட்டுக்காரர் ஆர்லன் வந்து ஒண்ணு வாங்குனாரு, இப்ப நீங்க ஒண்ணு, மாட்டுப் பண்ணையைப் பெருசாக்கிட்டீங்களா என்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்கு வந்து தேடினால், டிராக்டருக்குப் பின்னால் சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறார், அதே உப்பு. சாயங்காலம் அவரும் கலந்திருக்கிறார்! நம் குடும்பத்து லட்சணத்தைப் பார். பொண்ணு சொன்னது சரி என்று வாயைத் திறந்து சொல்வதைவிட ஆளுக்கொரு பக்கம் நின்று மாட்டுக்கு விஷம் வைப்போம் போலிருக்கிறது. அளவு மிஞ்சினால் செலினியமே விஷம் என்று மூட்டையிலேயே அச்சடித்திருக்கிறதே. பயந்துபோய் டாக்டர் ஹால்வர்சனைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் குளம்பையும் வால்முடியையும் பார்த்து, ரத்தம் எடுத்துக்கொண்டு, எங்களைப் பிள்ளைகளை நிறுத்திக் கேட்பதுபோல் கேட்டாள், ஒரே வீட்டுல இருக்கீங்க, ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா குளம்பு கழண்டிருக்கும் என்று. நல்லவேளை, ரத்தத்தில் அளவு மீறவில்லை என்று வந்தது. இப்போது உப்பு நான் மட்டும்தான் போடுகிறேன்.

நேற்று டாக்டர் சினை பார்க்க வந்தாள். தோள்வரை கையுறை போட்டுக் கைவிட்டுப் பார்த்துவிட்டு, வெறும் வயிறுதான் என்று தலையை ஆட்டினாள். உன்னிடம் எப்படிச் சொல்வேன் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் அப்பா தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார், லாரிக்காரனுக்குப் போன் போடப் போகிறார் என்றே எண்ணினேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார், இப்ப வர்ற முட்டையெல்லாம் மாசக்கணக்கா முன்னாடியே வளர ஆரம்பிச்சது டாக்டர், அந்தப் பழைய புல்லைத் தின்னப்ப வளர்ந்தது, நல்ல முட்டை இனிமேதான் வரும், வசந்தம் வரைக்கும் பார்ப்போம் என்று. ஸிக்னி, நீ போனில் சொன்னதில் ஒரு சொல் விடவில்லை. அன்றைக்கு நீ இந்த முட்டைக் கணக்கைச் சொன்னபோது, புல் கோபத்தில் மனிதர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பி வானிலை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்! இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது என்று டாக்டர் கேட்டாள். எங்க வீட்டுல ஒருத்தி இதைத்தான் படிக்கிறா, அவளுக்குத் தெரியும் என்றார். சொல்லிவிட்டுப் பெட்டூனியாவின் நெற்றியைச் சொறிந்துவிடத் திரும்பிக்கொண்டார், முகத்தை எங்களுக்குக் காட்டவே இல்லை.

கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் படிப்பும் உடம்பும் நன்றாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மாட்டைப் பற்றி நீயாகக் கேட்காதே. அவரே சொல்லட்டும். முதலில் பனி எவ்வளவு பெய்தது என்பார், அப்புறம் டிராக்டர் என்பார், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசமாட்டார். அப்போது போனை வைத்துவிடாதே.

என்றும் உன் அம்மா,
மார்லிஸ்