பாறை ஓணானின் மஞ்சள் நிறம்

என் தங்கச்சி, என் சாமி தெய்வானைக்கு,

நீ போன பிறகு வந்த இரண்டாவது கோடை இது. நாமக்கல் பாறையில் ஆண் ஓணான்களுக்கு மறுபடி நிறம் ஏறிவிட்டது. முதுகு மிளகாய்ப் பழம் மாதிரி, விலா கரி மாதிரி. பெண்கள் வழக்கம்போல மண் நிறம்தான்.

அந்தச் சிவப்பு நிலையானதல்ல என்று கண்டவள் நீ. இன்னொரு ஆண் எதிரே வந்தால் முதுகு மஞ்சளாகும். பெண் வந்தால் திரும்பச் சிவக்கும். உன்னோடு பாறையில் உட்கார்ந்து பார்க்கும்வரை நானே நம்பவில்லை. சேலத்துப் பேராசிரியரிடம் நீ சொன்னபோது அவர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "டீச்சரம்மாவுக்குச் சேலைக் கடை நினைப்பு," என்றார். அதன் பிறகு நீ பாறைப் பக்கமே போகவில்லை. காய்ச்சல் பிறகு வந்தது. நீ அதற்கு முன்பே படுத்துவிட்டாய், இல்லையா?

போன மாதம் அதே மனிதர், அதையே தன் கண்டுபிடிப்பென்று நம் ஊர் வாசகசாலையில் பேச வந்தார். கூட்ட ஏற்பாடு என் பொறுப்பு. நான் உன் அக்கா என்று அவருக்குத் தெரியாது.

"இரண்டு ஆண் ஓணான்களை உயிரோடு பிடித்துவந்து மேடையிலேயே காட்டப்போகிறேன். கூடையில் கொண்டுவரலாமல்லவா?" என்று என்னிடமே கேட்டார்.

"தாராளமாக," என்றேன்.

கையில் சிக்கிய ஓணான் நிறத்தை விட்டுவிடும். ஒரு நாளாவது பாறையில் உட்கார்ந்தவருக்கு அது தெரிந்திருக்கும். நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

கூடையைத் திறந்தார். இரண்டு ஆணும் சருகு நிறத்தில் ஒட்டிக் கிடந்தன. குச்சியால் சீண்டினார். அசையவில்லை.

முன்னால் இருந்த பெரியவர் கேட்டார்: "ஏனுங்க, மஞ்சளாகும்னீங்க. ஒருவேள மஞ்ச பூசிக் கொண்டாரோணுங்களா?"

"உடுங்க சாமி," என்றாள் பக்கத்தில் ஒருத்தி. "ராமரு தண்ணி கேட்டதுக்கு மூத்திரம் குடுத்த சாதி அது. இவரு பேச்சையா கேக்கும்?"

சபை சிரித்தது. உன்னைப் பார்த்து அவர் சிரித்த அதே சிரிப்பு. அது அடங்கும்வரை காத்திருந்து எழுந்தேன். "இதைக் கண்டது என் தங்கை தெய்வானை. நிறம் பார்க்க வேண்டுமானால் நாளைக் காலை பாறைக்கு வாருங்கள்."

வந்தார்கள். பார்த்தார்கள். அவர் மட்டும் வரவில்லை.

அது போதுமா? எனக்குப் போதவில்லை. அடுத்து ஆத்தூரில் பேசப்போகிறாராம். இறந்தவர்கள் கேட்பார்கள் என்று நம்புகிறவள் இல்லை நான், ஆனாலும் சொல்கிறேன். அவர் எந்த ஊரில் வாய் திறந்தாலும் முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன், அவர் வாயால் உன் பெயர் வரும்வரை.

இன்னும் ஆறாத உன் அக்கா,
நல்லம்மாள்