உறைக்கு ஒரு கரண்டி

மழையில் சாக்கு நனைந்து, ரேஷன் அரிசி பூசணம் பிடித்துவிட்டது. நேற்று என் மனைவி அதை முறத்தில் அள்ளிக்கொண்டு குப்பைக்குழிக்குப் புறப்பட்டாள். நான் பின்னாலேயே ஓடி முறத்துக்குள் மூக்கை விட்டேன். கோர்ட்டில் நகல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன், பத்திரிகையில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன் என்று சித்தூரில் நாலு பேருக்குத் தெரிந்த மனிதன் செய்கிற காரியமா இது?

"இன்னாங்க, மறுபடியுமா?" என்றாள்.

ஒவ்வொரு மழைக்கும் இதைச் செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். கனிந்த வாழைப்பழம் போல இனிப்பாக ஒரு வாசனை வருமே, சிநேகிதா, பாகாலாவில் உன் அலமாரியைத் திறந்ததும் வருமே, அது வரவில்லை. ஈரச்சாக்கு நாற்றம்தான் வந்தது.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து, ஜப்பானில் காவல் இருந்த பட்டாளத்தோடு நீ திரும்பியபோது, மற்றவர்கள் கடிகாரமும் பட்டுத்துணியும் கொண்டுவந்தார்கள். நீ ஒரு காகிதப் பொட்டலத்தில் பச்சைப் பூசணம் கொண்டுவந்தாய். அங்கே சமையல் சொல்லிக்கொடுத்த ஒரு அம்மாள் தந்ததாம். அதற்குக் 'கோஜி' என்று பேராம். பாகாலா ரயில்வே குவார்ட்டர்ஸில், கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், நீ வளர்த்த ஒரே பிள்ளை அதுதான்.

பச்சரிசியை இட்லிப் பானையில் ஆவியில் வேகவைப்பாய். ஆறியதும் அந்தப் பொடியைத் தூவி, ஈரவேட்டியில் சுற்றிக் கூடையில் வைப்பாய். அரிசி மேல் வெள்ளைப் பஞ்சு பூக்கும். ஒரு பங்கை விதைக்கென்று பச்சையாகும்வரை விட்டுக் காயவைத்துப் பொட்டலம் கட்டுவாய். மீதியில் உப்பும் தண்ணீரும் சேர்த்து ஜாடியில் ஊற்றி, கஞ்சி பதத்துக்குக் குழையும்வரை தினமும் கிளறுவாய். அதைப் பன்றிக்கறியில் தடவி மறுநாள்வரை விட்டு, கருகிப்போகாமல் இருக்க வழித்துவிட்டுச் சட்டியில் போடுவாய். ஒரு துண்டு இஞ்சி. வேறு ஒன்றும் கிடையாது.

"மொளகா எங்கடா?" என்று முதல் தடவை கேட்டேன். சித்தூர்க்காரன் கேட்காமல் இருப்பானா?

"மொளகா போட்டா உன் நாக்குக்கு அது மட்டும்தான் தெரியும். வாய மூடிக்கினு துன்னுடா."

வாயை மூடிக்கொண்டு தின்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். ஆனாலும் மூடினேன். பல்லுக்கு வேலையே இல்லாமல் கரைந்தது.

என் வீட்டு வாசற்படியைப் பன்றிக்கறி தாண்டக்கூடாது. அதனால் உன் வீட்டில் தின்றுவிட்டு, உன் குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்த பிறகே சித்தூர் ரயில் ஏறுவேன். வெளியூர் போன ஆண்பிள்ளை சோப்பு வாசனையோடு திரும்பினால் மற்ற மனைவிகள் வேறு மாதிரி சந்தேகப்படுவார்கள். என் மனைவி பன்றியைத்தான் சந்தேகப்பட்டாள். என் மூஞ்சிக்கு அவள் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

அப்போது எங்கே பார்த்தாலும் எல்லைப் பேச்சு. ஆந்திரா தனியாகப் பிரிந்ததிலிருந்து, எந்தக் கிராமம் எந்தப் பக்கம் என்று டீக்கடைகளில் சட்டை கிழிந்தது. நீ கறிக்காரனிடம், "இன்னாபா, இந்தப் பன்னி ஆந்திராவா, மெட்ராஸா?" என்று கேட்டாய். அவன் கத்தியைக் கீழே வைக்காமல் சொன்னான்: "அதுக்கு ரெண்டு பக்கமும் ஒரே சாக்கடதான் சார்."

கடைசியில் கோடு போட்டார்கள். உன் சொந்த ஊர் மதராஸ் பக்கம் போனது, நீ இந்தப் பக்கம் நின்றாய். "கோடு போட்டவனுக்குக் கறி வெட்டத் தெரியல. மூட்டு பாத்து வெட்டணும். எலும்பு மேலயே போட்டுட்டான்" என்று சொல்லிச் சிரித்தாய். பாதிச் சிரிப்பில் உன் குரல் உடைந்தது. சளி என்றாய். சளி இல்லை.

தொண்டைக்கு வந்த நோய் உன்னைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தது. கஞ்சித்தண்ணி மட்டும் இறங்கியது. நான் வரும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டாய்.

"ஒரே ஒரு துண்டுடா. அத மெல்லவே வேணாம், தானா எறங்கும். செஞ்சி எடுத்துக்கினு வா."

பாகாலாவுக்கு ஓடினேன். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து உன் அக்கா வந்திருந்தார். நீ நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று வீட்டையே கழுவிக் கவிழ்த்திருந்தார்.

"ஆம்பள தனியா இருந்தா இப்டியா தம்பி? அலமாரி பூரா பச்சபச்சயா பூசணம் புடிச்ச அரிசி, பொட்டலம் கட்டி வெச்சிருக்கான்! எல்லாத்தயும் வாரிக் கொட்டிட்டேன்." என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தார்: "ஜாடில புளிச்ச மாவு இருந்திச்சே, அதுல மட்டும் ஒரு கரண்டி வெச்சிகினுதான் மீதிய ஊத்தினேன். உறைக்கு வோணுமில்ல? அதுகூடத் தெரியாதவளா நானு?"

நம் வீடுகளில் உறைக்கு மிச்சம் வைக்காமல் மோர்ப்பானையைக் கழுவுகிறவள் உண்டா? அக்கா செய்தது சரி என்றே நானும் நம்பினேன். அந்த ஒரு கரண்டியை வெந்த அரிசியில் ஊற்றி வளர்த்துவிடலாம் என்று உன்னிடம் வந்து பெருமையாகச் சொன்னேன்.

"உப்பு போட்டப்புறம் அது பூக்காதுடா. மோரு மாதிரி இல்ல. வெதையே அந்தப் பொட்டலம்தான்." பிறகு, "ஒருவாட்டி கறிக்குத் தடவ வரும். தடவிடு. அக்காகிட்ட சொல்லாத" என்றாய்.

பாகாலாவுக்குத் திரும்பி, அக்காவும் நானும் தடவினோம். மறுநாள் சட்டியில் வெந்த கறியை டிபன் கேரியரில் போட்டுத் திருப்பதி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டி முழுக்க மலைக்குப் போகிறவர்கள். எதிரில் ஒரு அம்மாள், "கம்முனு வாசன வருதே நைனா, இன்னா கொழம்பு?" என்றார். "பலாக்கொட்டம்மா" என்றேன். அவர்கள் கோவிந்தா போட்டபோது நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகப் போட்டேன். ஒரு துண்டு இறங்கவேண்டும், அவ்வளவே என் வேண்டுதல்.

மூடியைத் திறந்ததும் கண்ணை மூடி முகர்ந்தாய். ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டாய். வெகுநேரம் வைத்திருந்தாய். பிறகு துண்டுத்துணியில் எடுத்துவிட்டாய்.

"நல்லா வந்துகிது. நீ துன்னு, நான் பாக்கறேன்."

தின்றேன்.

"மெத்துனு கீதா?"

"கீது."

"உப்பு?"

"சரியா கீது."

"அப்ப சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரமே போய்விட்டாய்.

காரியம் முடிந்ததும் அக்கா அந்த ஜாடியை என் கையில் திணித்தார். கறிக்குத் தடவக் கொடுக்கும்போதே அடியில் ஒரு ஸ்பூன் எனக்கும் தெரியாமல் ஒதுக்கியிருக்கிறார். "என் தம்பி வளத்தது. உட்டுடாத." பூக்காது என்று தெரிந்தும் அரிசியை வேகவைத்து அதை ஊற்றினேன். ஈரவேட்டியில் சுற்றி வைத்தேன். வேட்டியோடு நாறியது. என் மனைவி கொல்லையில் குழிதோண்டிப் புதைத்தாள். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அதுதான் தாங்கவில்லை.

எல்லை தாண்டி வரும்போதெல்லாம் அக்கா கேட்கிறார்: "வளருதா தம்பி?"

"வளருதுக்கா."

அடுத்த வாரம் வருகிறாராம். மறுபடி கேட்பார். நான் எழுதுகிற சிரிப்புக் கட்டுரைகளை ஊரில் ஒருத்தரும் நம்புவதில்லை. இதை அவர் நம்பி, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மதராஸ் பக்கம் பஸ் ஏறுவார். உன் ஜாடி பரண்மேல் காலியாக இருக்கிறது. மெல்லவே வேண்டாம், தானாக இறங்கும் என்றாயே, அந்த வார்டில் நீ பார்க்க நான் தின்ற அந்தக் கறி, எனக்கு இன்னும் இறங்கவில்லையடா.