வாசலில் தொங்கும் எமெரிட்டஸ்

என்னங்க, என் அருமைச் செயலாளர் எமெரிட்டஸ் அவர்களே,

கூப்பிட்டது சரிதானே? வெறும் 'என்னங்க' என்று ஆரம்பித்தால் மேலேயிருந்து முறைப்பீர்கள் என்றுதான் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் கழிந்துவிட்டது. 'செயலாளர் எமெரிட்டஸ்' என்று நீங்கள் எழுதிவைத்த அந்தப் போர்டு இன்னும் நம் வீட்டு கேட்டில்தான் தொங்குகிறது. ஓரமெல்லாம் துருப்பிடித்துவிட்டது, பட்டம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

அதை மாட்டிய கதை நம் புந்தோங் வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அத்தனை வருஷம் கோயில் செயலாளராக இருந்த உங்களைப் புதுக் கமிட்டி வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டது. கோயில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து சேர்ந்தீர்கள். அன்றைக்குப் பார்த்துத்தான் பின்லாந்திலிருந்து நம் மாலதி வீடியோவில் வந்தாள். மாப்பிள்ளை மிக்கா பேச்சுவாக்கில், தன் அப்பா ஓய்வு பெற்று இப்போது பேராசிரியர் எமெரிட்டஸ் ஆகிவிட்டார் என்றார். வேலை போனாலும் மரியாதை போகாதாம்.

அவ்வளவுதான். "சம்பந்திக்கு மட்டும் இருக்கு, நான் என்ன இளிச்சவாயனா?" என்று கேட்டீர்கள். அடுத்த வாரமே போர்டு வந்துவிட்டது. சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டத்துக்கு அலைகிறவர்களையெல்லாம் பார்த்துப் பரிதாபப்பட ஆரம்பித்தீர்கள். உங்களைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறேன் என்று நான் சொன்னதையும் கண்டுகொள்ளவில்லை.

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா பார்லித் தண்ணீரோடு வந்தது நினைவிருக்கிறதா? "அண்ணனுக்கு இந்த எமெரிட்டஸ் எப்பலேர்ந்து? சர்க்கரையாலயா?" என்று விசாரித்தார். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன். நீங்களோ அவரை உட்காரவைத்துப் பாடமே நடத்தினீர்கள். அது லத்தீன் சொல், உழைக்க வேண்டியதையெல்லாம் உழைத்து முடித்தவர் என்று அர்த்தம், பின்லாந்துக்காரர்கள் இரவல் வாங்கிக்கொண்டார்கள் என்றீர்கள். நாம் 'செயலாளருடைய' என்று வால் ஒட்டுவது போல அவர்களும் ஒட்டி 'எமெரிதுக்சென்' என்பார்களாம். அக்கா பயந்துபோய், எதற்கும் ஒரு டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி என் கதையைக் கேளுங்கள். சித்திரைத் திருவிழா அன்னதானச் சமையல் யார் கையில் இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் துக்கம் என்பதால் நான் போகவில்லை. அந்த இடைவெளியில் கேட்டரிங் நுழைந்துவிட்டது. இந்த வருஷம் கோயில் தலைவர் குமரன் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தான்.

"ஆண்ட்டி, நீங்க ரொம்ப செஞ்சிட்டீங்க. இனிமே ரெஸ்ட் எடுங்க லா."

நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னான். அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் போய்விட்டது. அவன் போனதும் அன்னதானத்துக்குக் கிண்டும் அந்தப் பெரிய கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சாவிக்கொத்து இல்லாமல் வந்த அன்றைக்கு உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

நான் அந்தக் கோலத்தில் இருக்கும்போதே மாலதியும் மிக்காவும் வீடியோவில் வந்தார்கள். மாப்பிள்ளை யோசித்து யோசித்து ஏதோ சொன்னார், மாலதி அதைத் தமிழில் சொன்னாள். அவர்கள் பாஷையில் அவன், அவள் என்ற பிரிவே கிடையாதாம், எல்லாருக்கும் ஒரே சொல்தானாம். ஆனால் லத்தீனிலிருந்து வந்த இந்தச் சொல்லில் மட்டும் பெண்ணுக்குத் தனியாக ஒன்று இருக்கிறதாம். எமெரிட்டா. ஏங்க, இதை எனக்கு ஏன் சொல்லவே இல்லை? தெரியாதா, இல்லை, வீட்டுக்கு ஒரு பட்டம் போதும் என்று விட்டுவிட்டீர்களா?

திருவிழாவன்று முதல் பந்தியில் போய் உட்கார்ந்தேன். அந்தக் கோயிலில் நான் முதல் பந்தியில் சாப்பிட்டதே இல்லை. சாம்பார் சொதப்ப வேண்டும் என்று அம்மனிடம் வேண்டியிருந்தேன். அவள் கேட்கவில்லை, சாம்பார் நன்றாகவே இருந்தது. பாயசம் இரண்டு தடவை வாங்கினேன். குமரன் வந்து குனிந்து எப்படி என்று கேட்டான், கூட்டில் உப்புக் கம்மி என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எமெரிட்டா என்றால் சும்மாவா?

உங்கள் போர்டுக்குக் கீழே எனக்கும் ஒன்று மாட்டிவிட்டேன். அஞ்சலை அக்கா பார்த்துவிட்டு, "அடக் கடவுளே, உனக்கும் ஒட்டிக்கிச்சா?" என்றார்.

மாப்பிள்ளையிடம் இன்னொன்றும் கேட்கச் சொன்னேன். புருஷன் போனபின் மனைவி என்ற பதவிக்கும் இந்த வாலை ஒட்டலாமா என்று. மாலதி அதை அவரிடம் கேட்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதில் எனக்கே தெரியும். முடித்தவர்களுக்குத்தானே அந்தப் பட்டம்? காலையில் உங்கள் படத்துக்கு முன்னால் கோப்பி வைக்கிறேன், சர்க்கரை போடாமல். அதற்கு நீங்கள் முணுமுணுப்பதும் கேட்கிறது, நான் பதில் பேசுவதும் நிற்கவில்லை. கரண்டியைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். இந்தப் பதவியை எந்தக் கமிட்டி வந்து கேட்டாலும் தர மாட்டேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
கமலா, சமையல் எமெரிட்டா,
உங்கள் மனைவி, இன்னும் பதவியில்.